குட்டிக்குரலில் ஊதக் கூடாது

நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில், உதயகுமாரி என்ற பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருத்தி தையல் உதயா. இன்னொருத்தி பாட்டு ரீச்சர் உதயா. மூன்றாமவள் துவக்கு உதயா, வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவள். இந்தக் கதை மூன்றாமவளுடையது.

பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, கண்ணாடி, குளிருக்கு எப்போதும் ஒரு மண்ணிறக் கம்பளிச் சட்டை. கரவெட்டியில் பிறந்தவள். வயோதிபர் இல்லம் ஒன்றின் சமையலறையில் ஒன்பது வருட வேலை. தொலைபேசியில் பேசும்போது கூட நின்றுகொண்டு பேசுகிற மனுஷி. இவள் எப்படி வேட்டைக்காரியானாள் என்றால், புருஷனுக்கு உதவி செய்யப் போய்த்தான்.

புருஷன் சோதிலிங்கம் ட்றாம் வண்டிகள் கழுவும் இடத்தில் வேலை. அங்கே அவரோடு நிற்கிற நோர்வேக்காரர்கள் ஒவ்வொரு இலையுதிர்காலமும் இரண்டு கிழமை காணாமல் போவார்கள். திரும்பி வரும்போது சாப்பாட்டுப் பெட்டியில் மான் இறைச்சி இருக்கும். சோதிலிங்கம் முள்ளியவளை ஆள். மான் வத்தலோடு சோறு தின்று வளர்ந்த வாய். அந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து ஒருநாள் தானும் வேட்டைச் சோதினைக்குப் படிக்கப் போவதாக வீட்டில் அறிவித்தார்.

"படியுங்கோவன். ஆர் வேண்டாம் எண்டது?" என்றாள் உதயா.

"நீரும் வந்து பக்கத்திலை இரும். அவங்கள் வேகமாக் கதைப்பாங்கள். எனக்கு எழுத்து மட்டுமட்டு."

கிழமைக்கு இரண்டு பின்னேரம் வகுப்பு. முதல்நாளே ஆசிரியர் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் இருந்து காதுக்குள் சொல்லிக் கொடுக்க முடியாது, இருப்பதென்றால் நீயும் பெயரைப் பதிந்துகொள் என்றார். பதிந்தாள். ஐம்பது கேள்வி, பத்துக்கு மேல் பிழைவிடக் கூடாது. அவள் நாலு பிழை விட்டாள். அவர் பதின்மூன்று. இரண்டாம் தரம் தனியாகப் போய் எழுதினார், பதினொன்று.

"ஒண்டாலை, அப்பா! ஹெர்ரெகுத், கடவுளே, ஒரே ஒண்டாலை!" என்று மகள் ஹம்சத்வனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினேழு வயசு. சிரிப்பதற்குக் காரணம் தேடவேண்டிய வயசில்லை.

சோதிலிங்கம் பாஸ் பண்ணாததால் துவக்கு உதயாவின் பெயரில் வந்தது. பொலிஸ் கடிதம் வந்தது, பழைய இரட்டைக்குழல் துவக்கு ஒன்று வந்தது, அதைப் பூட்டி வைக்கச் சட்டப்படி ஓர் இரும்பு அலுமாரியும் வந்தது. படுக்கையறையில் சேலை அலுமாரிக்குப் பக்கத்தில் அதைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்தார் சோதிலிங்கம். அடித்து முடிந்த பிறகுதான் சாவி தனக்குக் கிடையாது என்று அவருக்குத் தெரியவந்தது. துவக்கு யார் பெயரிலோ அவர் கையில்தான் சாவி இருக்க வேண்டும். வேறு ஆள் தொடக்கூடாது, கட்டிய புருஷன் ஆனாலும். உதயா சாவியைத் தாலிக்கொடியில் ஊசிகளோடு கொழுவிக்கொண்டாள்.

மேல்மாடி விமலாதேவி அதைக் கண்டுவிட்டுச் சொன்னாள். "நாங்கள் எல்லாம் துவக்குக்குப் பயந்து இஞ்சை ஓடிவந்தனாங்கள். நீ என்னடி எண்டால் தாலியிலை கட்டிக்கொண்டு திரியிறாய்."

"அது துவக்கில்லை அக்கா, சாவி."

"ஓம், பெரிய வித்தியாசம்."

இதெல்லாம் இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. ஊரில் சண்டை நின்றிருந்த சமாதானக் காலம். பாதை திறந்து, கோடை வந்ததும் மோர்டென்ஸ்ருட்டில் பாதிச் சனம் ஊருக்குப் பறந்துவிட்டது. உதயா மட்டும் லீவை ஓகஸ்ட் பத்தாம் திகதிக்கு எடுத்து வைத்திருந்தாள். கேட்டவர்களுக்கு விளங்கவில்லை; அது கோவில் திருவிழா நாளும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. அன்றைக்குத்தான் சின்னமான் வேட்டை தொடங்குகிறது. நோர்வேயின் இந்தச் சின்னமான் நம்மூர் ஆட்டைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். அந்த நாட்களில் கிடாயை மட்டும் சுடலாம். பெண்ணான மறியையும் குட்டியையும் செப்டெம்பர் இருபத்தைந்து வரைக்கும் தொடக்கூடாது.

ஏன் ஓகஸ்டில் அவசரம் என்றால், அது அவற்றின் சேர்க்கைக் காலம். கிடாய்க்கு அப்போது புல்லும் நினைவில்லை, பயமும் நினைவில்லை; மறியின் குரல் கேட்ட திசைக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடிவரும். மற்ற மாதங்களில் நிழலைக் கண்டாலே பறக்கிற பிராணி அது. இந்த இரண்டு கிழமைதான் தானாக நடந்து வந்து முன்னால் நிற்கும்.

இடம் கொடுத்தவள் பெரித். உதயாவோடு அதே சமையலறையில் வேலை செய்கிறவள், ஐம்பத்தெட்டு வயசு, தாடை பெரிய மனுஷி. ஏனெபாக்கில், மோர்டென்ஸ்ருட்டிலிருந்து காரில் அரைமணித்தியாலம், அவளுடைய தகப்பன் விட்டுப்போன காணியும் அதிலேயே அவள் வீடும் இருந்தன. அந்த வருடம் அந்தக் காணிக்கு ஒரே ஒரு கிடாய் அனுமதி. பெரித்துக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் அந்த ஒன்றை உதயாவுக்குத் தருவதாகச் சொன்னாள். மூன்று வருடமாக ஆட்கள் பெரித்திடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்காத உதயாவுக்குக் கொடுத்தாள்.

வேட்டைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை உதயாவைக் கூப்பிட்டுத் தன் குசினி மேசையில் இருத்தி, உள்ளங்கையளவு ரப்பர் உருண்டை ஒன்றைக் கையில் வைத்தாள் பெரித். அமத்தினால் 'பியூ' என்று ஒரு சத்தம்.

"இது மறியின் குரல். இரண்டு தரம் அமத்து. பிறகு பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இரு."

"சரி."

"இன்னொன்று. குட்டியின் குரலில் கூப்பிடக் கூடாது. குட்டி கத்தினால் தாய் ஓடிவரும், தாய்க்குப் பின்னால் கிடாய் வரும். மிகவும் லேசான வேலை. சட்டம் தடுக்கவில்லை. என் அப்பா தடுத்தார். இந்தக் காணியில் அப்படிச் சுட்டவன் எவனும் இரண்டாம் முறை வந்ததில்லை. என் மச்சான் உட்பட."

"நான் செய்யமாட்டேன்."

"கையைத் தா."

உதயா கையைக் கொடுத்தாள். பெரித்தின் கை அகலமானது, சமையலறைச் சவர்க்காரத்தில் வெடித்தது, தன் கையைப் போலவே. ஒன்பது வருடத்தில் இருவரும் கைகுலுக்கியது அன்றைக்குத்தான்.

திரும்பி வரும்போது காரில், வெளியே காத்திருந்த சோதிலிங்கத்திடம் அதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் "ஓம், ஓம்" என்றார். ரப்பர் உருண்டையை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இதென்ன சத்தம், வயித்து வலிக்காரன்ரை மூச்சு மாதிரி. இதுக்கு மான் வராது உதயா. டொக்டர்தான் வருவார்."

அடுத்தநாள் பின்னேரம் அவர் கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போய் வேலியில் நின்ற சிறீன் மரத்தில் ஒரு பிடி இலை ஆய்ந்துகொண்டு வந்தார். வசந்தத்தில் ஊதாப் பூப் பூக்கிற மரம். ஓகஸ்டில் இலை மட்டும்தான். இலை பூவரசம் இலையைப் போல இதய வடிவம். அதைச் சுருட்டி, ஒரு முனையை நசுக்கி, பல்கனியில் நின்று ஊதினார். 'பீ' என்று மெல்லிசாக, நீட்டாக, ஒரு சத்தம் எதிர்க் கட்டிடத்தில் பட்டுத் திரும்பியது. முள்ளியவளையில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன்கள் ஊதுகிற பீப்பி.

"அப்பா! ஆக்கள் பாக்கினம்!" என்று ஹம்சத்வனி பல்கனிக் கதவை இழுத்து மூடினாள்.

உதயா குசினியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ரப்பரைவிட நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள். அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை. மறியின் குரல் தாழ்ந்தது, குட்டியின் குரல் உயர்ந்தது, நீண்டது என்று புத்தகத்தில் படித்து, அந்தக் கேள்விக்குச் சரியான விடையும் போட்டவள் அவள். ஆனால் படித்தது கண். காது ஒரு வகுப்புக்கும் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிய நாலரைக்கு ஓட்ஸ் வயலின் ஓரத்தில், ஊசியிலை மரம் ஒன்றின் அடியில் இருவரும் குந்தினார்கள். அவள் மடியில் துவக்கு. அவர் மடியில் சாப்பாட்டுப் பை. நுளம்பு கடித்தது. வெளிச்சம் சாம்பலாக இருந்து பாலாக மாறியது. ரப்பரை இரண்டு தரம் அமத்தினாள், பத்து நிமிஷம். மறுபடி இரண்டு; பத்து நிமிஷம். ஆறுமணி ஆயிற்று. ஒரு முயல் வந்து பார்த்துவிட்டுப் போனது.

"வயித்து வலி," என்றார் சோதிலிங்கம் மெல்ல.

"சத்தம் போடாதேங்கோ."

அவர் சட்டைப் பையிலிருந்து ஈரக் கடதாசியில் சுற்றிய இலையை எடுத்தார். கேள்வி கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தார். கால் மரத்திருந்தது அவளுக்கு. லீவு ஒருநாள்தான். வெயில் ஏறினால் எல்லாம் முடிந்துவிடும்.

"ஒருக்கா ஊதுங்கோ. மெல்லமா."

ஊதினார். நிறுத்தி, இன்னொரு தரம். மூன்றாவது தரம் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. நீட்டி, முடிவில் நடுக்கி ஊதினார்.

வயலுக்கு அப்பால் காடு உடைந்தது. அப்படித்தான் இருந்தது. ஒரு விலங்கு வருகிற சத்தமாக இல்லை, யாரோ கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற சத்தம். ஓட்ஸ் கதிர்களுக்கு மேலால் சிவப்பாக ஒன்று பாய்ந்து பாய்ந்து நேராக இவர்களை நோக்கியே வந்தது. உதயாவின் தோளுக்குத் துவக்கு தானாக ஏறியது. விரல் உள்ளே போனது.

"சுடும்! சுடும்!" என்றார் சோதிலிங்கம் பல்லுக்குள்.

தலையில் கொம்பு இல்லை.

மறி. ஏழெட்டு அடி தூரத்தில் வந்து நின்றது. கழுத்து மயிர் சிலிர்த்து, மூக்கு ஈரமாக, விலா அடித்துக்கொண்டிருந்தது. பயப்படவில்லை. இவர்களைத் தாண்டி மரத்தின் அடியை, புல்லை, பையை எல்லாம் தேடித் தேடிப் பார்த்தது. முன்னங்காலால் ஒருதரம் நிலத்தில் அடித்தது. வயிற்றுக்குக் கீழே பால்மடி தெரிந்தது.

அப்போதுதான் உதயாவுக்கு விளங்கியது.  இது மறியின் குரலுக்கு வந்த கிடாய் இல்லை. இது குட்டியின் குரலுக்கு வந்த தாய். கிடாய் துரத்துகிற நாட்களில் தாய் குட்டிகளை எங்கேயாவது புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுப் போகும். தன் குட்டியை யாரோ பிடித்து வருத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அது ஓடி வந்திருக்கிறது. பெரித்திடம் கை கொடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

சொல்லிவைத்த மாதிரிப் பின்னால் கிடாய் வந்தது. மூக்கை நிலத்தில் தேய்த்துக்கொண்டு, வாய் திறந்து, ஒரு மனுஷரையும் காணாமல். இருபது அடியில் பக்கவாட்டாக நின்றது. ஆறு முனைக் கொம்பு. புத்தகத்தில் போட்டிருந்த படத்தில் எப்படி நிற்குமோ அப்படியே.

வெடி கேட்டது.

தான்தான் சுட்டது என்று அவளுக்குத் தோளில் அடித்த பிறகே தெரிந்தது. சுடக்கூடாது என்று அவள் நினைக்கவில்லை. சுடவேண்டும் என்றும் நினைக்கவில்லை. கிடாய் முன்னங்கால் மடிந்து, ஓட்ஸுக்குள் சாய்ந்து, ஒருதரம் உதைத்து அசையாமல் போனது. மறி நாலு பாய்ச்சலில் வயலின் நடுவுக்குப் போய் நின்றது.

கைகள் தம்பாட்டில் துவக்கின் குழலை மடித்துத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தன. சோதினையில் அதற்கும் ஒரு கேள்வி இருந்தது.

அந்த அமைதியில் மறுபடி அந்தச் சத்தம் கேட்டது. சின்னதாக, விட்டுவிட்டு. 'பீ... பீ...'

அவள் திரும்பிப் பார்த்தாள். சோதிலிங்கம் வாய் திறந்தபடி இருந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. இலை உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. இளைக்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் அது கத்தியது. ஊதுவது அவருக்குத் தெரியவில்லை.

மறி திரும்பி வந்தது. வெடி வெடித்த இடத்துக்கு, புகை மணம் போகாத இடத்துக்கு. விழுந்து கிடந்த கிடாயைக் கடந்து வந்தது. அதை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சோதிலிங்கத்துக்கு முன்னால் வந்து, கழுத்தை நீட்டி, அவருடைய வாயைப் பார்த்தது.

"இலையை எடுங்கோ," என்றாள் உதயா. குரல் வெளியே வரவில்லை. "இஞ்சாருங்கோ. இலையை எடுங்கோ!"

அவர் எடுத்தார். அந்த அசைவில்தான் மறிக்கு மனுஷர் தெரிந்தது. குரைத்துக்கொண்டு காட்டுக்குள் போனது. அந்த மான்கள் நாய் மாதிரிக் குரைக்கும். அந்தக் குரைப்பு தூரம் போய்ப் போய் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

சோதிலிங்கம் இலையைச் சட்டைப் பைக்குள் வைத்தார், தகப்பனைக் கண்ட பெடியன் சிகரட்டை மறைக்கிற மாதிரி.

"அது என்னைத்தான் பாத்தது," என்றார்.

உதயா எழும்பினாள். வெயில் ஏறுகிறது, குடலை உடனே எடுக்காவிட்டால் இறைச்சி கெட்டுவிடும். கத்தியை எடுத்தாள். புத்தகத்தில் படித்ததைக் கைகள் செய்தன. அவர் கால்களைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கிடாயின் உடம்பு சூடாக இருந்தது, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி. 

காருக்கு இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் சோதிலிங்கம் நின்றார்.

"ரப்பரை அமத்தினது எண்டு சொல்லும்."

அவள் நிற்காமல் இழுத்தாள்.

"உதயா, கேட்குதே? ரப்பர் எண்டு சொல்லும். அந்த மான் வந்து பெரித்துக்குச் சொல்லப்போகுதே? சொன்னால் இனி இந்தப் பக்கம் எங்களைக் கிட்டவும் எடுக்க மாட்டா. நீர் ஒரு வருஷமாப் படிச்சு..."

"நான் கை குடுத்தனான்."

"ஊதினது நான். நான் கை குடுக்கேல்லையே."

"ஊதச் சொன்னது நான்."

அவர் மறுபடி கிடாயின் கால்களைப் பிடித்தார். மீதித் தூரம் கிடாயின் பாரம் மட்டும்தான் கதைத்தது.

பெரித் முற்றத்தில் ஊன்றுகோலோடு நின்றாள். வெடிச்சத்தம் கேட்டிருந்தாள். கார்ப் பின்கதவைத் திறந்ததும் கொம்பைப் பார்த்துச் சிரித்தாள். "ஆறு முனை! உதயா! ஒரே வெடியா?" என்று தோளில் தட்டினாள்.

சொல்லாமல் விடுவதற்கு அதைவிட நல்ல நிமிஷம் கிடைத்திருக்காது. உதயா அதைப் பிறகு பல தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். கோப்பி மணத்தது. பெரித் சந்தோஷமாக இருந்தாள்.

"குட்டியின் குரலுக்கு வந்தது," என்றாள் உதயா. "இலையில் ஊதினோம். அது குட்டியின் குரல் என்று தெரியாது. முதலில் தாய் வந்தது. தெரிந்த பிறகு கிடாய் வந்தது. தெரிந்த பிறகுதான் சுட்டேன்."

பெரித்தின் கை தோளிலிருந்து எடுபட்டது. முகத்தில் கோபம் வந்திருந்தால் தாங்கியிருக்கலாம். வந்தது கோபமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை.

"தாய் குட்டியிடம் போனதா?"

"தெரியாது. காட்டுக்குள் போனது."

"அப்படியென்றால் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்."

கிடாயைக் களஞ்சியத்தின் நிழலில் தூக்கிக் கட்டிவிட்டு மூன்று பேரும் வாசற்படியில் இருந்தார்கள். கோப்பியை ஒருவரும் ஊற்றவில்லை. அங்கிருந்து பார்த்தால் வயலுக்குக் கீழே உள்ள புல்வெளி தெரியும். பெரித் தூரக்கண்ணாடியை மடியில் வைத்திருந்தாள். எட்டுமணி. எட்டரை. சோதிலிங்கம் ஒருதரம் எழும்பி மறுபடி இருந்தார். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் மறி காட்டோரத்தில் தலையை நீட்டியது. பக்கத்தில் ஒரு குட்டி.

"ஒன்று," என்றாள் பெரித். "இதற்கு இரண்டு குட்டி."

 குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே முட்டியது. தாய் புல்வெளியின் ஓரமாகவே நடந்தது, நின்றது, மறுபடி நடந்தது. தங்கள் சத்தத்தால் அது கலைந்துவிடுமோ என்று மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். இன்னும் முக்கால் மணித்தியாலம். பிறகு வேலிக்கல்லின் அடியில் புல் அசைந்தது. இரண்டாவது எழும்பி, சோம்பல் முறித்து, ஒன்றும் நடக்காத மாதிரித் தாயிடம் நடந்து போனது.

சோதிலிங்கம் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

பெரித் எழும்பி உள்ளே போய்க் கோப்பியும் மூன்று கோப்பையும் கொண்டுவந்தாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அடுத்த வருஷம் உங்களுக்கு இங்கே இடமில்லை."

"தெரியும்."

"கொம்பு உன்னுடையது. இறைச்சியும் உன்னுடையது. நாளைக்கு ஏழுமணி வேலை, என்ன?"

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டு, பிறகு நோர்வேஜியனில் சொன்னாள் உதயா.

வேலையில் பெரித் முன்னைப் போலவே இருந்தாள். உருளைக்கிழங்கு தோலுரித்தார்கள், சூப் கிண்டினார்கள், மேலதிகாரியைப் பற்றிக் குசுகுசுத்தார்கள். காணியைப் பற்றி மட்டும் கதையில்லை. உதயாவுக்கு அதுதான் கூட வலித்தது, ஏசியிருந்தால் முடிந்திருக்கும்.

இறைச்சியைக் கறி ஆக்கினாள். வீசவா முடியும்? மிளகு கூடப் போட்டு, வறுத்த தூள் போட்டு. ஊரிலிருந்து திரும்பிய கையோடு விமலாதேவியும் புருஷன் குலேந்திரனும் சாப்பிட வந்தார்கள். கறி நன்றாகத்தான் இருந்தது. எல்லாரையும்விட அதிகம் சாப்பிட்டது சோதிலிங்கம். சாப்பிடச் சாப்பிடத் தலை குனிந்துகொண்டே போனது. கை மட்டும் நிற்கவில்லை.

"எப்பிடி மச்சான் கிட்ட வந்தது?" என்று கேட்டார் குலேந்திரன். "இது பயந்த சாதியெல்லே?"

உதயா புருஷனைப் பார்த்தாள். ரப்பர் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தாள்.

"நான் குட்டி மாதிரிக் கத்தினனான்," என்றார் சோதிலிங்கம். "தாய் வந்தது. தாய்க்குப் பின்னாலை வந்ததைத்தான் நீங்கள் தின்னுறியள்."

மேசையில் கைகள் நின்றன. ஹம்சத்வனி தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் இது புதுச்செய்தி. விமலாதேவி வாயில் வைத்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"தாய்க்கு என்ன நடந்தது?" என்று கடைசியில் கேட்டாள்.

"பிள்ளையளோடை நிக்குது. ரண்டும் நிக்குது. பாத்துப்போட்டுத்தான் வந்தனாங்கள்."

விமலாதேவி விழுங்கினாள். "சொல்லுறதை முதல் சொல்லும் ஐயா," என்றாள். தன் தட்டில் கொஞ்சம் குழம்பு விட்டுக்கொண்டாள். அன்றைக்குப் பிறகு அவள் உதயாவைச் சாவி சொல்லிச் சீண்டியதில்லை.

அடுத்த ஓகஸ்ட் பத்தாம் திகதி உதயா வேலைக்குப் போனாள். இரும்பு அலுமாரி பூட்டியபடி இருந்தது. வேறு இடம் தேடியிருக்கலாம், தேடவில்லை. சோதிலிங்கம் மூன்றாம் தரம் சோதினைக்குப் பெயர் கொடுக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறு, ஜூன் நடுப்பகுதியில் ஒருநாள் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு முன்னால் நின்று பெரித் கேட்டாள். "சனிக்கிழமை புல் வெட்டுகிறோம். இயந்திரம் வருவதற்குள் புல்லுக்குள் குட்டி படுத்திருக்கிறதா என்று நடந்து பார்க்க ஆள் வேண்டும். ஆபத்து வந்தாலும் குட்டி எழும்பி ஓடாது. இயந்திரத்துக்கு அது தெரியாது. வருவீர்களா?"

மூன்று பேரும் போனார்கள், ஹம்சத்வனி உட்பட. முழங்கால் உயரப் புல்லில் வரிசையாக, கை எட்டுகிற தூரத்தில் ஆளுக்கு ஆள் நடந்தார்கள். பெரித் ஊன்றுகோல் இல்லாமல் நடந்தாள். மூன்றாவது சுற்றில் சோதிலிங்கம் கையை உயர்த்தினார்.

அவருடைய காலடியில் குட்டி படுத்திருந்தது. முதுகில் வெள்ளைப் புள்ளி, காது மடங்கி, ஒரு முழுப் பாண் ரொட்டியளவு. பெரித் சொல்லிக் கொடுத்திருந்தாள்: வெறுங்கையால் தொடக்கூடாது, மனுஷ மணம் ஒட்டக்கூடாது. அவர் இரண்டு கையிலும் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, அதற்கு நடுவில் குட்டியைத் தூக்கினார்.

குட்டி கத்தியது.

மெல்லிசாக, நீட்டாக, முடிவில் நடுங்கி. பல்கனியில் எதிர்க் கட்டிடத்தில் பட்டுத் திரும்பிய அதே சத்தம். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. சோதிலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். காட்டோரத்தில் கிளை முறிந்தது; சிவப்பாக ஒன்று வெளியே பாய்ந்து வந்து நின்றது.

"கொண்டுபோய் விடுங்கோ!" என்று கத்தினாள் உதயா. "நிக்காதேங்கோ, கொண்டுபோய் ஓரத்திலை விடுங்கோ!"

அவர் ஓடினார். ஐம்பது வயசுக்காரர், முழங்கால் வலிக்காரர், புல்லுக்குள் தடக்கித் தடக்கி, கத்துகிற குட்டியை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு. ஓரத்து மரநிழலில் வைத்துவிட்டுப் பின்னால் பின்னால் நடந்து வந்தார். முகம் அன்றைக்கு இருந்த மாதிரியே வெளுத்திருந்தது.

"அதே சத்தம், உதயா," என்றார். "அச்சொட்டா அதே சத்தம். நான் என்னத்தை ஊதினனான் எண்டு இண்டைக்குத்தான் தெரியுது."

பெரித்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாய் குட்டியை மோந்து பார்த்து, முன்னால் விட்டுப் பின்னால் காட்டுக்குள் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இயந்திரக்காரனுக்குக் கை காட்டினாள்.

"ஓகஸ்ட் பத்து இந்த முறை வியாழக்கிழமை," என்றாள் உதயாவிடம், திரும்பிப் பார்க்காமல். "லீவு போடு."

உதயாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கேட்டாள்.

"இவரையும் கொண்டு வரலாமா?"

"கொண்டு வா. சட்டைப் பையைப் பார்த்துவிட்டுக் கொண்டு வா."

சோதிலிங்கம் இன்னும் ஓரத்தில் நின்றார். குட்டியை விட்ட பிறகும் இரண்டு பிடிப் புல்லும் கையில் அப்படியே இருந்தது.